எங்கள் நிறுவனத்தின் சொத்து

மஞ்சள் கடுதாசி கொடுக்கப் போன அன்று முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டார். திவாலானவன் என்று நீதிமன்றத்தில் நிற்கும்போதும் பார்க்கிறவர்களுக்கு ஒரு மதிப்பு வர வேண்டுமாம். சட்டைக்கான பணம், அவர் பெயரிலும் அவரோடு வாழ்கிற கண்ணாடிக்காரி பெயரிலும் சேர்ந்து இருந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது. அந்தக் கணக்கில் பணம் போடுவது கண்ணாடிக்காரியின் வேலை. எடுப்பது முதலாளியின் வேலை. ஒன்பது வருடமாக இந்த வேலைப் பிரிவினையில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அவரை முதலாளி என்று கூப்பிட்டுப் பழக்கியது தெருதான். அவரிடம் வேலை பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஸ்டிக்கர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்று வைத்திருந்தார். அதன் தலைவர், மேலாளர், மை கலக்குகிறவர், வராத வாடிக்கையாளருக்காக வாசலில் போய் நிற்கிறவர் எல்லாம் அவரே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டினால் ஒட்டினதுதான். சுரண்டினால் பெயின்ட் வரும், ஸ்டிக்கர் வராது.

கண்ணாடிக்காரி மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிறவள். நகரத்தில் மூன்று கண்ணாடிக் கடைகள் காலையில் தட்டுத் தட்டாக ஃபிரேமும் லென்ஸும் கொடுத்தனுப்பும். வட்டமாக வருகிற லென்ஸை மெஷினில் பொருத்தி, தண்ணீர் ஓட ஓட ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, ஓரத்தில் மெல்லிய முனை எடுத்து, மாட்டிச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்னறையில் பாதியை அந்த மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போன ஒரு பெரியவரிடம், கழுத்துச் சங்கிலியை விற்றும் தவணை கட்டியும் அவள் வாங்கியது. ரசீது கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதரிடம் ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டாள். இப்போது அந்த நல்ல மனிதர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை.

அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நமக்குள்ள எதுக்குக் காகிதம்?" என்று முதல் வருடம் முதலாளி கேட்டபோது அதைக் காதல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவருக்குப் பொதுவாகவே காகிதம் ஆகாது என்பது, கடன்காரர்களின் நோட்டீஸெல்லாம் சோபா மெத்தைக்கு அடியில் மெத்தென்று கிடந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அவர் திவாலானால் தனக்கு என்ன என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் கடன் அவருக்கு. தான் மனைவிகூட இல்லையே. அந்த நிம்மதி ஃபிரேமுக்கு ஸ்க்ரூ வாங்கப் போன கடை வரைக்கும் கூட வந்தது. அங்கே கார்டு வேலை செய்யவில்லை. ஸ்க்ரூ டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு நேரே வங்கிக்குப் போனாள்.

"அவரு திவாலானதால கணக்கை நிறுத்தி வெச்சிருக்கோம் மேடம்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"அதுல இருக்கிறது பூரா என் பணம்மா."

"ரெண்டு பேரு பேரும் இருக்கே."

"அவரு ஒரு பைசா போட்டதில்ல."

அந்தப் பெண் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா மேடம், போட்டதில்ல. ஆனா நிறைய எடுத்திருக்காரே. அப்ப அவரோட கணக்குன்னுதானே ஆகுது? நீங்க அவரு மனைவியா?"

"இல்ல."

"அப்ப அவரைப் பத்தின விவரம் எதுவும் உங்ககிட்ட நாங்க பேசக் கூடாது மேடம். சாரி."

வெளியே வந்தவுடன் போன் அடித்தது. பெரிய பிரின்டர் வாங்கக் கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு குரல், மிக அன்பாக, தவணையை இனிமேல் முழுதாக அவள்தான் கட்ட வேண்டும் என்றது.

"நான் அவரு மனைவி இல்லங்க" என்றாள் அவள். வங்கியில் உதவாத அந்த வார்த்தை இங்கேயாவது உதவுமா என்று பார்த்தாள்.

"அதனால என்னங்க, நாங்க அதெல்லாம் பாக்கிறதில்ல. உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

அந்தக் கையெழுத்தை முதலாளி வாங்கிய விதம் அவளுக்கு நினைவிருந்தது. லென்ஸ் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தபோது காகிதத்தை நீட்டி, "சும்மா சாட்சிக்கு" என்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள். சாட்சிக்குப் போட்டவள்தான் இப்போது கடன்காரி.

பணம் தரும்போது அவள் யாரோ. பணம் கேட்கும்போது அவள் எல்லாம். சரி, போகிறது. கை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, வெட்டிக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டபடியே வீட்டுக்கு வந்தாள். அங்கே பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார். திவாலானவரின் பொருள்களைத் திரட்டி விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரிக்க நீதிமன்றம் அனுப்பிய ஆள். ஒல்லியான மனிதர். வாய் சிரிக்காது, கண் மட்டும் சிரிக்கும். அவருடைய உதவியாளர் அந்த மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அது என்னோடது."

பொறுப்பாளர் பேனாவால் மெஷினின் நெற்றியைக் காட்டினார். அங்கே தங்க ஓரம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று பளபளத்தது. நடுவில் ஒரு மிருகத்தின் முகம். முதலாளி அதைச் சிங்கம் என்பார். தெருவில் எல்லாருக்கும் அது பூனை. அதற்குக் கீழே, 'இது எங்கள் நிறுவனத்தின் சொத்து.'

"இது என்னங்கம்மா?"

கண்ணாடிக்காரி ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார்.

அது வங்கி ஆள் வந்த அன்று ஒட்டியது. பெரிய கடன் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார் முதலாளி. கம்பெனி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வங்கியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. முந்தின நாள் முழுக்க முதலாளி கையில் ஸ்டிக்கர் கட்டோடு வீட்டைச் சுற்றி வந்தார். நாற்காலியில் ஒட்டினார். ஃபிரிட்ஜில் ஒட்டினார். குளிர்சாதன மை அறை என்று அதற்குப் பெயரும் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒட்டியதில் மணி பன்னிரண்டு மறைந்துபோனது. வந்த வங்கி ஆள் வாய் பிளந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். "எங்க நிரந்தர ஊழியர்" என்றார் முதலாளி. கண்ணாடிக்காரியும் அவருக்குக் காபி டம்ளரை நீட்டியபடி தலையாட்டிவைத்தாள். கடன் கிடைத்தால் மனுஷன் ஒரு நிலைக்கு வருவார் என்று அப்போது ஒரு நப்பாசை.

"வங்கிக்காரர் நேர்ல வந்து பாத்து எழுதியிருக்காரும்மா" என்றார் பொறுப்பாளர். "கம்பெனி மெஷின் ஒண்ணு. அதை ஓட்ட நிரந்தர ஊழியர் ஒருத்தர். அது நீங்கதான்னா சம்பளப் பாக்கி கேக்கலாம். கடன்காரங்க வரிசையில உங்களை முன்னாடியே நிக்க வெக்கிறேன்."

"நான் ஊழியர் இல்ல சார்."

"அப்ப அவரு சொன்னது பொய்."

"ஆமா சார், பொய்."

"அதை நீங்க சொன்னாப் போதாதும்மா. நீங்க மெஷினைக் காப்பாத்தத்தான் பேசுவீங்க. வாங்கின ரசீது காட்டுங்க. இல்ல, அவரே பொய்யின்னு எழுதிக் கொடுக்கட்டும். இல்ல, இதுல ஆதாயம் இல்லாத வேற யாராவது வந்து சொல்லட்டும். அடுத்த வாரம் வரேன். அதுக்குள்ள ஒண்ணும் இல்லன்னா மெஷின் ஏலத்துக்குப் போயிடும். அதுவரைக்கும் யாரும் ஓட்டக் கூடாது."

அன்று வந்த தட்டுகளைத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் மூன்று கடைகளில் ஒன்று, வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகச் சொல்லியனுப்பியது. மற்ற இரண்டும் ஒரு வாரம் பொறுப்பதாகச் சொல்லின. அந்த மெஷின் போனால் மறுபடி ஒன்று வாங்க அவளுக்குச் சங்கிலியும் இல்லை, கணக்கும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை. கையெழுத்துப் போட்ட கடன் மட்டும் பத்திரமாக இருந்தது.

"ஒரு வரி எழுதிக் குடு" என்று அன்று மத்தியானம் முதலாளியிடம் கேட்டாள். "வங்கி ஆளுக்காகச் சும்மா ஒட்டினேன்னு."

முதலாளி சோபாவில் சாய்ந்தார். இப்போது சோபா கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நோட்டீஸையெல்லாம் பொறுப்பாளர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"எழுதினா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? வங்கியை ஏமாத்தினவன்னு ஆயிடும். இந்தத் திவால்லயிருந்து நான் வெளிய வரவே வருஷக்கணக்கா ஆகும்."

"எழுதலன்னா என் பொழப்பு போகும்."

"மெஷின்தானே? வேற வாங்கிக்கலாம். என் பேரு போனா வாங்க முடியுமா?"

"உன் பேரை இந்தத் தெருவுல யாரும் சொல்றதே இல்ல. முதலாளின்னுதான் சிரிக்கிறாங்க."

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் செய்தார். உலகம் தன்னைப் புரிந்துகொள்ளாதபோதெல்லாம் அவர் அம்மாவுக்குத்தான் போன் செய்வார்.

முதலாளியின் அம்மா பெரிய மகன் வீட்டில் இருந்தார். இந்த ஒன்பது வருடத்தில் கண்ணாடிக்காரி ஒரே ஒரு தடவைதான் அவரை "அத்தை" என்று கூப்பிட்டிருக்கிறாள். "யாருக்கு யாரு அத்தை?" என்று கேட்டுவிட்டு அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். சொந்தக்காரர்கள் நடுவில் அவளைக் காட்டி, "சின்னவன் வீட்டு மாடியில குடியிருக்கிற பொண்ணு" என்பார். வீட்டுக்கு மாடியே கிடையாது.

பொறுப்பாளர் மறுபடி வருகிற நாள் காலையில் அம்மாவும் அண்ணனும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகளே!"

கண்ணாடிக்காரி பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தான்டி கண்ணு. இத்தனை வருஷம் எம்புள்ளைக்குப் பொங்கிப் போட்டவ நீ. ஒரு மெஷினுக்காக அவன் மானத்தை வாங்கலாமா சொல்லு? போகட்டும் விடு. இது முடிஞ்சதும் நானே முன்னால நின்னு கல்யாணத்தை நடத்தி வெக்கிறேன்."

"விட்டுக் குடுக்கிறதுதான்மா குடும்பம்" என்றார் அண்ணன். அவர் இதுவரை விட்டுக்கொடுத்தது எதுவும் கண்ணாடிக்காரிக்கு நினைவு வரவில்லை. அம்மாவின் பீரோவைத் தன் வீட்டில் இடமில்லை என்று இங்கே தள்ளிவிட்டதைத் தவிர.

"என் பொழப்பு போகுதுங்க" என்றாள் அவள்.

"பொழப்பு எங்க போகுது? அவன் இருக்கான்ல" என்றார் அம்மா.

மூன்று பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

பொறுப்பாளர் வந்தார். கூடவே உதவியாளர். சமாதானம் பேசவந்த முகத்தோடு அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நான் இவனைப் பெத்தவ சார். எங்க குடும்பத்துல தகராறு ஒண்ணும் இல்ல. மெஷின் கம்பெனியோடதுதான். தாராளமா எடுத்துக்கோங்க. இல்லயா மருமகளே?"

கண்ணாடிக்காரி வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா, கம்பெனியோடதுன்னு?"

"அதான் ஒட்டியிருக்கே, கொட்டை எழுத்துல! எங்க குடும்பத்துல யாரும் பொய் சொல்ல மாட்டோம் சார்."

"ஸ்டிக்கர் இருந்தா கம்பெனி சொத்து. அப்படித்தானே?"

"சந்தேகமே வேண்டாம்."

அண்ணனும் பலமாகத் தலையாட்டினார். முதலாளி மட்டும் திடீரென்று எழுந்து, "அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றார். வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் ஒட்டினோம் என்று அவருக்குத்தானே தெரியும்.

"நல்லதும்மா. இதைச் சொல்லச் சொந்தக்காரங்க யாரும் முன்வர மாட்டாங்க" என்றார் பொறுப்பாளர். உதவியாளரிடம் திரும்பினார். "போன தடவை உள்ளறை பூட்டியிருந்துச்சே, அதைப் பாத்துடுங்க. வெளிய நிக்கிற ஸ்கூட்டர்லயும் ஏதோ தங்கக் கலர்ல பளபளக்குது. குறிச்சுக்கோங்க."

உதவியாளர் உள்ளே போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "சார், இரும்பு பீரோ ஒண்ணு. சிங்க ஸ்டிக்கர் இருக்கு. பூட்டியிருக்கு."

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஐயோ, அது என் பீரோ! எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது! அதுக்குள்ள என் வளையல் இருக்கு!"

"ஸ்டிக்கர் இருக்கேம்மா."

"ஸ்டிக்கர் இருந்தா? இந்தப் படுபாவி எதுல ஒட்டல? விட்டா என் நெத்தியிலயே ஒட்டியிருப்பான்! வங்கி ஆளு வர்றான்னு முந்தின நாள் பூரா ஒட்டினான் சார். எங்கிட்டயே போன்ல சொல்லிச் சிரிச்சான், வங்கிக்காரன் காதுல முழம் முழமா பூ சுத்தப் போறேன்னு!"

"அம்மா!" என்றார் முதலாளி.

"என்னடா அம்மா? என் வளையலுக்கு நீ முதலாளியா?"

வாசலில் கீச்சு கீச்சென்று சத்தம் கேட்டது. அண்ணன் எப்போது நழுவினார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஸ்கூட்டருக்கு முன்னால் குந்தி, சாவியால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பூனையின் இரண்டு காதும் மீசையும் போகாமல் நின்றன. பொறுப்பாளர் வாசல்படியில் வந்து நின்று பார்த்தார்.

"கம்பெனி வண்டியைச் சேதப்படுத்தக் கூடாதுங்க."

"எது கம்பெனி வண்டி? என் வண்டி சார்! இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு அம்மாவை இறக்கிவிட வந்தேன், நிறுத்தின கேப்புல ஒட்டிட்டான். கேட்டா டெலிவரி வண்டின்னு சொல்லியிருக்கேன், ஒரு மணி நேரம் பொறுத்துக்கோன்னான். அவன் சொல்றதுல ஒரு வார்த்தையை நம்பாதீங்க சார். சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான்!"

"அப்ப ஒட்டினது எதுவும் கம்பெனியோடது இல்ல?"

"இல்லவே இல்ல!" என்றார்கள் அம்மாவும் மகனும் ஒரே குரலில். ஒன்பது வருடத்தில் அந்தக் குடும்பம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைக் கண்ணாடிக்காரி அன்றுதான் பார்த்தாள்.

"கண்ணாடி மெஷினும் இல்ல?"

அம்மா முதலாளியைப் பார்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் பார்த்தார். பீரோவில் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது.

"அதுவும் அந்தப் பொண்ணோடதுதான் சார்" என்றார் அம்மா. மருமகள் மறுபடி பொண்ணாகிவிட்டாள். "சங்கிலியை வித்து வாங்கிச்சு. கழுத்துல ஒண்ணும் இல்லாம நின்னப்ப, ஏன்டா இவ இப்படி நிக்கிறான்னு நான்தான் கேட்டேன்."

கேட்டது உண்மை. இருந்த ஒரே நகையையும் தொலைத்துவிட்டாள் பார் என்று பெரிய மருமகளிடம் சொல்லிச் சிரித்ததும் உண்மை. கண்ணாடிக்காரி அதை எடுத்துச் சொல்லவில்லை.

பொறுப்பாளர் இருவரிடமும் எழுதி வாங்கினார். பிறகு காகிதத்தை முதலாளி பக்கம் நகர்த்தினார். "இவங்க ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. இதுக்கு மேலயும் நீங்க இல்லன்னு சாதிச்சா பொய்யோட எண்ணிக்கைதான் கூடும். எழுதிக் குடுத்தீங்கன்னா, தானா ஒத்துக்கிட்டாருன்னு நான் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லலாம்."

முதலாளி அம்மாவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் பீரோவுக்கும் ஒருவர் ஸ்கூட்டருக்கும் காவல் நின்றார்கள். எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் வழக்கம்போலப் பெரிதாக, கீழே இரண்டு கோடு போட்டு.

உதவியாளர் மெஷினைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"கணக்குல இருக்கிற பணம் சார்?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"கடைக்காரங்ககிட்ட நீங்க பணம் வாங்கினதுக்கு அத்தாட்சி கொண்டாங்கம்மா. முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். இனிமே உங்க பேருல மட்டும் ஒரு கணக்கு வெச்சுக்கோங்க."

"பிரின்டர் கடன்?"

"பிரின்டரை வித்தா கொஞ்சம் தேறும். மிச்சம் நீங்க கட்டித்தான் ஆகணும். கையெழுத்துப் போட்டுட்டீங்களே." வாசல் வரை போனவர் திரும்பினார். "இந்த நேரம் பாத்துக் கல்யாணம் கில்யாணம் பண்ணிடாதீங்கம்மா. எனக்கு எழுத்து வேலை ரெண்டு மடங்காகும்."

அம்மா அன்றே ஒரு வண்டி வைத்து பீரோவை ஏற்றிக்கொண்டு போனார். பெரிய மகன் வீட்டில் எப்படியோ இடம் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் இரண்டு கடைகளிலிருந்தும் தட்டுகள் வந்தன. தண்ணீர்க் குழாயைத் திறந்து மெஷினைப் போட்டாள். லென்ஸ் உரசுகிற சத்தத்தில் முன்னறை ஜன்னல் அதிர்ந்தது. வெண்பால் மாதிரித் தண்ணீர் வழிந்து வாளியில் இறங்கியது. முதலாளி சோபாவிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிவு. புது யோசனை வந்தால்தான் அவருக்கு அந்தத் தெளிவு வரும்.

"எனக்குத்தானே யாரும் கடன் குடுக்க மாட்டாங்க?" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "உனக்கு அந்தத் தடை இல்லையே! உன் பேருல ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம். நீ முதலாளி, நான் சும்மா மேற்பார்வை. ஒரே ஒரு கையெழுத்து!"

அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தாள்.

அது பொய். அந்தச் சத்தத்துக்குள் தெருவில் பூட்டு விழுவதுகூட அவளுக்குக் கேட்கும். முதலாளி இன்னும் பலமாக, கையை ஆட்டி ஆட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் வெட்டி முடித்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரம் சுத்தமாக வந்திருந்தது. அதை ஃபிரேமில் மாட்டினாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து, தயாராக இருந்த தட்டை அவர் கையில் வைத்தாள்.

"கடையை அடைக்கிறதுக்குள்ள குடுத்துட்டு வா. நடந்தே போயிடலாம். பணத்தை உங்கிட்டக் குடுக்க மாட்டாங்க, நான் சொல்லிட்டேன்."

"அப்ப நான் இங்க யாரு?" என்றார் முதலாளி, தட்டைப் பிடித்தபடி.

அவள் அடுத்த லென்ஸைப் பொருத்தி மெஷினைப் போட்டாள்.